முந்திரிகைக் கொடியின் காய்ச்சுமையும் பழத்தின் தரமும்

கரட், பீற்றூட் முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர், நாற்றுக்கள் நெருங்கி முளைத்தவிடத்து அவற்றுட் பலவற்றைப் பிடுங்கி எறியத் தயங்குவதில்லை. புகையிலைச் செய்கையாளர் செடியின் தலையை முறித்துப் பக்கத் தளிர்களையும் களைந்துவிடுகின்றார். வத்தகை பயிரிடுவோர் ஒரு கொடியிற் பிடித்த பிஞ்சுகள் அனைத்தையும் விட்டுவைப்பதில்லை. எஞ்சி நிற்பவை பருக்க வேண்டுமாயின் மிகையானவற்றை நீக்குதல் வேண்டும் என்னும் உண்மையை நம் கமக்காரருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும், அதே கமக்காரர் முந்திரிகைப் பந்தலின்கீழ் நிற்கும்போது அவரது கை பின்வாங்குகின்றது. தொங்குகின்ற குலை ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்குப் பணமாகவே தோன்றுகின்றது. அதனை வெட்டி நிலத்தில் வீழ்த்துதல் வந்த செல்வத்தைக் காலால் உதைப்பது போன்றது என எண்ணுகின்றார். இவ்வெண்ணம் இயல்பானதே, எனினும் இதனால் விளையும் நட்டம் பெரிது. திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகையில், ஒரு கொடி தாங்கக்கூடிய அளவுக்கு மேலாகக் காய்களை விடுவதனால் இப்போகத்துப் பழத்தின் தரமும் அடுத்த போகத்தின் விளைவும் எவ்வாறு கெடுகின்றன என்பதையும், அதனைத் தவிர்க்கும் முறையையும் இங்கு விளக்குவோம்.

காய்ச்சுமை என்பது யாது?

ஒரு கொடியிலுள்ள குலைகளின் எண்ணிக்கை மாத்திரம் காய்ச்சுமை ஆகாது. அக்குலைகளை ஊட்டி வளர்ப்பதற்கு அக்கொடியிலுள்ள இலைகளின் வலிமையோடு ஒப்புநோக்கியே சுமையை மதித்தல் வேண்டும். தடித்த அடித்தண்டும், பந்தலெங்கும் பரந்த கைகளும் கொண்ட முதிர்ந்த கொடிக்கு 60 குலைகள் இலகுவான சுமையாகலாம். நட்டு இரண்டு ஆண்டுகள் நிரம்பிய இளங்கொடிக்கு அதே 60 குலைகள் அதன் வளர்ச்சியையே முடக்கிவிடும் பாரமாகலாம். எருதுக்கு ஏற்றும் பாரத்தை நாம்பனுக்கு ஏற்றுவார் எவருமில்லை. கொடி விடயத்திலும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

எனவே, "ஒரு கொடியில் எத்தனை குலைகள் விடலாம்?" என்று கேட்பதிலும், "இந்தக் கொடியில் எத்தனை குலைகள் விடலாம்?" என்று கேட்பதே பொருத்தமாகும்.

இலைகள் செய்யும் வேலை

பழத்திலுள்ள இனிப்பு பசளையிலிருந்து வருவதன்று. கிணற்று நீரிலிருந்து வருவதுமன்று. பச்சை இலைகள் சூரிய ஒளியைக் கொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர்கள் அனுப்பும் நீரையும் சேர்த்துச் சீனிச்சத்தை ஆக்குகின்றன. இதனையே ஒளித்தொகுப்பு என்பர். பசளையும் நீரும் இவ்வேலைக்குத் துணைபுரிவன. அவை இலைகளுக்குப் பதிலாக நின்று சீனியை உண்டாக்கமாட்டா.

இலைகள் ஆக்கிய சீனிச்சத்து நான்கு இடங்களுக்குப் பங்கிடப்படுகின்றது. ஒரு பங்கு பழங்களுக்குச் செல்லும். ஒரு பங்கு புதிய தளிர்களுக்கும், ஒரு பங்கு வேர்களுக்கும் செல்லும். எஞ்சியது மாப்பொருளாக மாறித் தண்டிலும் வேரிலும் சேமிக்கப்படும். பழங்கள் பருத்துப் பழுக்கும் காலத்தில் அவையே பெரும் பங்கை இழுத்துக்கொள்ளும். குலைகள் மிகுந்தவிடத்து வேருக்கும் சேமிப்புக்கும் சேரவேண்டியது குறைந்துவிடும். அவ்வாறு இழுத்துக்கொண்ட பின்னரும், பல குலைகளுக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு குலைக்கும் கிடைப்பது சிறிதாகவே இருக்கும். ஒரு பானைச் சோற்றை ஐவர் உண்டால் வயிறு நிறையும். பதின்மர் உண்டால் எவர் வயிறும் நிறையாது.

ஒரு கிலோகிராம் பழத்தை நன்கு பழுக்கச் செய்வதற்கு எவ்வளவு இலைப்பரப்பு வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளீவர், டொக்கூசிலியன் என்னும் இருவர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே படலமாகப் படரவிட்ட கொடிகளில் ஒரு கிலோகிராம் பழத்திற்கு 8,000 முதல் 12,000 வரையான சதுர சென்ரிமீற்றர் இலைப்பரப்பு வேண்டும். விரித்த கையளவினதாகிய ஓர் இலையின் பரப்பை ஏறக்குறைய 150 சதுர சென்ரிமீற்றர் எனக் கொண்டால், ஒரு கிலோகிராமுக்கு 55 முதல் 80 வரையான இலைகள் தேவையாகும். 300 கிராம் நிறையுள்ள ஒரு குலைக்கு 16 முதல் 24 வரையான இலைகள் வேண்டும். இவ்வளவு அந்நாட்டுக் காலநிலையில் பெறப்பட்டதாகலின், நமது பந்தல்களுக்கு இதனை ஒரு வழிகாட்டியாக மாத்திரம் கொள்க.

இங்கு மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். மேற்கூறிய இலைகள் வெயில் படும் இலைகளாக இருத்தல் அவசியம். பந்தலின் மேலுள்ள ஓரிலை தன்மீது விழும் பயன்படும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிவிடும். அதன்கீழ் மறைந்து கிடக்கும் இலை கொடிக்கு வருவாய் தருவதில்லை. ஆதலால் நைதரசன் பசளையை மிகுதியாக இட்டு இலைகளை அடர்த்தியாக்கிவிட்டால் அதிக காய்களைத் தாங்கும் என்று கருதுதல் தவறு. பந்தலின் பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதன்மீது விழும் வெயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. எனவே அப்பந்தல் தரக்கூடிய நல்ல பழத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

பழம் வளரும் மூன்று பருவங்கள்

முந்திரிகைப் பழம் பூவிலிருந்து அறுவடைவரை ஒரே சீராக வளர்வதில்லை. அதன் வளர்ச்சியை மூன்று பருவங்களாக வகுக்கலாம்.

முதலாம் பருவம்: பிஞ்சு பிடித்தவுடன் தொடங்கும் சில வாரங்கள். இக்காலத்திற் பிஞ்சினுள்ளே கலங்கள் பிரிந்து எண்ணிக்கையிற் பெருகுகின்றன. பழம் பின்னர் எவ்வளவு பருக்கும் என்பது பெரிதும் இப்பருவத்திலேயே முடிவாகிவிடுகின்றது. இப்போது பட்டினி கிடந்த பிஞ்சு பின்னர் எவ்வளவு உணவு கிடைத்தாலும் பெரிய பழமாக மாட்டாது.

இரண்டாம் பருவம்: காயின் வளர்ச்சி சற்றுத் தடைப்பட்டு நிற்பதுபோலத் தோன்றும். வித்துக்கள் இக்காலத்தில் முற்றி வன்மையடைகின்றன. காய் பச்சையாகவும், கடினமாகவும், புளிப்பு மிகுந்தும் இருக்கும்.

மூன்றாம் பருவம்: காய் மெதுமையாகி, நிறம் மாறத் தொடங்கி, மீண்டும் விரைவாகப் பருக்கும். சீனிச்சத்து வந்து நிரம்புவதும் புளிப்புக் குறைவதும் இப்பருவத்திலேயாம்.

முதலாம் பருவத்திற் சுமையைக் குறைத்தால் பழத்தின் பருமனும் இனிப்பும் ஒருங்கே கூடும். நிறம் மாறத் தொடங்கிய பின்னர் குறைத்தால் இனிப்பு ஓரளவு கூடலாமேயன்றிப் பருமன் அதிகம் கூடாது. குலைகளைக் களையும் காலத்தைத் தீர்மானிப்பதற்கு இதனை அறிந்திருத்தல் அவசியம்.

மிகைச் சுமையால் இப்போகத்தில் விளையும் கேடுகள்

ஒன்று, பழங்கள் சிறுக்கும். குலைகள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பினும் அவை நிறையிற் குறைந்து, மணிகள் ஒரே அளவினதாக இல்லாமல் இருக்கும்.

இரண்டு, இனிப்புக் குறையும். சாற்றிலுள்ள கரைந்த திண்மப் பொருள்களைப் பிரிக்ஸ் பாகையால் அளப்பர். அவற்றுட் பெரும்பகுதி சீனியேயாம். உண்பதற்குரிய நல்ல முந்திரிகை 16 முதல் 18 வரையான பாகையைக் காட்டும். மிகைச் சுமை தாங்கிய கொடியில் நிறம் வந்த பின்னரும் இவ்வளவு எட்டப்படாமல் போகலாம்.

மூன்று, நிறம் சீராக வராது. கருநீல இனங்களிற் பழத்தோலின் நிறப்பொருள் உண்டாவதற்கும் சீனிச்சத்து வேண்டும். அது போதாதவிடத்துக் குலையின் ஒரு பகுதி கருத்தும், மற்றொரு பகுதி சிவந்தும், நுனியிலுள்ள சில மணிகள் பச்சையாகவும் நிற்கும். நிறத்தை மருந்து தெளித்து ஓரளவு வரவழைக்கலாம். இனிப்பை அவ்வாறு வரவழைத்தல் இயலாது. நிறத்தை நம்பி ஒருமுறை வாங்கி ஏமாந்தவர் மறுமுறை அப்பழத்தை நாடமாட்டார்.

நான்கு, பழுக்குங் காலம் தாமதமாகும். நமது வரண்ட பிரதேசத்தில் முந்திரிகை கத்தரித்து ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும். சுமை மிகுந்த கொடியிலோ பழம் குறித்த காலத்திற் பழுக்காமல் நாள்கள் தள்ளிப்போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தாமதம் சிறிய விடயமன்று. புரட்டாதி மாதத்திற் பறிக்கப்பட வேண்டிய குலைகள் ஐப்பசிவரை கொடியிற் காத்து நின்றால், வடகீழ்ப் பருவக்காற்றின் மழை அவற்றின்மீது பெய்யும். பழுக்கும் தறுவாயிலுள்ள மணிகள் மழைநீரால் வெடிக்கும். வெடித்த மணியிற் பூஞ்சணம் பற்றி அழுகல் குலை முழுவதற்கும் பரவும். அதிகம் பெறலாம் என விட்டுவைத்த குலைகள் இருந்ததையும் கொண்டுபோகும் நிலை இவ்வாறே உண்டாகின்றது.

மழைக்கு அஞ்சியோ, பணத்தேவை கருதியோ முற்றாத குலையைப் பறித்துவிட்டால் பின்னர் அது இனிக்கும் என எண்ணற்க. வாழையும் மாவும் பறித்தபின் பழுக்கும், முந்திரிகை அவ்வாறன்று. கொடியிலிருந்து வெட்டிய நேரத்தில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவே கடைசிவரையும் இருக்கும்.

அடுத்த போகத்திற்கு விளையும் கேடு

மேற்கூறியவற்றிலும் பாரதூரமான கேடு கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதாகும். அடுத்த போகத்திற் காய்க்கவேண்டிய குலைகளின் கருக்கள், இப்போகத்துத் தளிர்களின் கணுக்களிலுள்ள அரும்புகளுக்குள்ளே இப்பொழுதே உருவாகின்றன. அந்த அரும்புகளுக்கு நல்ல வெயிலும் போதிய உணவும் கிடைத்தால் அவை குலையீனும் அரும்புகளாகும். நிழலிற் கிடந்து பட்டினியுற்றவை வெறும் இலைத்தளிரையே தரும். கத்தரித்த பின்னர் "இம்முறை குலைகள் வரவில்லை, எல்லாம் தளிராகவே போய்விட்டது" என வருந்தும் கமக்காரர், சென்ற போகத்தில் அக்கொடி எவ்வளவு சுமந்தது என்பதை நினைத்துப் பார்த்தல் நன்று.

மேலும், கத்தரித்தவுடன் கொடியில் இலைகளே இல்லை. அந்நிலையிற் புதுத்தளிர்கள் வெளிவருவதற்கு வேண்டிய உணவைத் தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பே கொடுக்கின்றது. குளிர்நாடுகளில் முந்திரிகைக்கொடி மாரியில் இலையுதிர்த்து ஓய்வு கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறையே காய்க்கும். நமது நாட்டிலோ அதற்கு அத்தகைய ஓய்வில்லை. கத்தரிக்கும் போதெல்லாம் அது தளிர்க்கின்றது. ஆண்டுக்கு இரு போகங்கள் எடுக்கப்படுகின்றன. ஆதலின் ஒரு போகத்தில் முற்றாகச் செலவழிந்த சேமிப்பை நிரப்புவதற்கு இங்கு கால அவகாசம் மிகக் குறைவு. அறுவடை முடிந்த மறுநாளே கத்தரிக்காமல், இலைகள் பச்சையாகவும் நோயின்றியும் இருக்கும்வரை சில வாரங்கள் கொடியை இளைப்பாறவிட்டு, அளவாக நீரும் எருவும் இடுதல் வேண்டும். அவ்விலைகளே அடுத்த போகத்தின் முதலீட்டைச் சேர்த்து வைக்கின்றன.

மிகைச் சுமையைப் போகந்தோறும் சுமந்த கொடியில் தளிர்கள் மெலியும், கணுவிடைகள் குறுகும், கிளைகள் பழுப்புநிறமாக முற்றாமல் பச்சையாகவே நிற்கும். இவ்வடையாளங்களைக் கண்டால் சுமையைக் குறைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என உணர்தல் வேண்டும்.

செரித் தோட்டங்களிற் கண்ட உண்மை

இவ்விதி முந்திரிகைக்கு மாத்திரம் உரியதன்று. குளிர்நாடுகளிற் செய்கைபண்ணப்படும் இனிய செரிப்பழமும் முந்திரிகையைப் போன்றே மூன்று பருவங்களில் வளர்வது, பறித்தபின் இனிக்காதது. ஜேர்மனியிலுள்ள கீசன் நகரில் உருவாக்கப்பட்ட கிசெலா என்னும் ஒட்டுக்கட்டைகளின் வரவால் செரி மரங்கள் குறுகிய உருவமும், இளமையிலேயே மிகுதியாகப் பூத்துக் காய்க்கும் இயல்பும் பெற்றன. விரைவில் வருவாய் கிடைக்கும் என்பதால் தோட்டக்காரர் அவற்றை விரும்பி நட்டனர். ஆனால் சிறிய மரத்தில் இலைகள் குறைவாகவும் காய்கள் மிகுதியாகவும் இருந்தமையால், கத்தரித்துச் சுமையைக் குறைக்காத மரங்களிற் பழங்கள் சிறுத்தன. செரிப்பழம் அதன் குறுக்களவைக் கொண்டே தரம்பிரித்து விலைபேசப்படுவதாகலின், சிறு பழத்திற்கு மதிப்பில்லை.

செரி மரத்தில் ஆயிரக்கணக்கான சிறு காய்களைக் கையாற் களைதல் கூலிக்குக் கட்டாது. அதனால் அந்நாட்டார் கிளைகளையும் காய்க்கும் குறுங்கிளைகளையும் முன்னதாகவே கத்தரித்துச் சுமையை மட்டுப்படுத்துகின்றனர். முந்திரிகைச் செய்கையாளரின் நிலை இதனிலும் நல்லது. அவருடைய காய்கள் குலைகுலையாக, கைக்கெட்டும் உயரத்தில், எண்ணத்தக்கவாறு தொங்குகின்றன. ஒரு குலையின் காம்பை வெட்டும் ஒரு வெட்டு, பல பத்து மணிகளின் சுமையை நீக்கிவிடும்.

எத்தனை குலைகளை விடுதல் வேண்டும்?

இதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்க.

முதலாவது, தளிரின் வலிமை. சிறுவிரலிலும் தடித்து, நீண்டு வளர்ந்து, 20 இலைகளுக்குக் குறையாமல் உள்ள தளிரில் ஒரு நல்ல குலையை விடலாம். மிக வலிமையான தளிரிற் சிறு குலைகளாயின் இரண்டு விடலாம். மெலிந்து குறுகிய தளிரில் ஒன்றும் விடலாகாது; அத்தளிர் தன் இலைகளால் அயலிலுள்ள குலைகளுக்கு உதவட்டும்.

இரண்டாவது, கத்தரித்த கிளைகளின் நிறை. பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரிற் பணியாற்றிய இலூயி ரவாஸ் என்னும் அறிஞர், ஒரு கொடி தந்த பழத்தின் நிறையை அக்கொடியிற் கத்தரித்த கிளைகளின் நிறையால் வகுத்துச் சுமையை மதிக்கும் முறையை வகுத்தார். வகுத்துவந்த ஈவு 5 முதல் 10 வரை இருந்தால் கொடி சமநிலையில் உள்ளது; அதனிலும் மிகுந்தால் சுமை மிகுதி; குறைந்தால் கொடி இலையாகவும் தளிராகவும் வீணே வளர்கின்றது என்பது பொதுவான கணிப்பாகும். கத்தரிக்கும்போது ஒரு கொடியின் அப்போகத்துக் கிளைகளை இலைநீக்கிக் கட்டி நிறுத்துப் பாருங்கள். 2 கிலோகிராம் இருந்தால், அக்கொடிக்கு 10 முதல் 20 கிலோகிராம் வரையான பழம் தகும். இதுவும் குளிர்நாட்டில் எழுந்த கணிப்பு. ஆயினும் உங்கள் கொடிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இதனிலும் எளிய முறை இல்லை.

மூன்றாவது, கொடியின் வயது. நட்ட முதலாண்டிற் குலைகள் தோன்றினாலும் அனைத்தையும் நீக்குக. அவ்வாண்டு தண்டும் கைகளும் அமைவதற்குரியது. அடுத்த ஆண்டிற் சில குலைகளை மாத்திரம் விட்டு, பின்னர் கொடி தடிக்கத் தடிக்க எண்ணிக்கையைக் கூட்டுக.

குலைகளைக் களையும் முறை

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஏ. ஜே. விங்கிளர், 1962 ஆம் ஆண்டில் வெளியான தமது முந்திரிகைச் செய்கை நூலிற் களைதலை மூவகையாகப் பிரித்துள்ளார்: பூக்குமுன் பூங்குலைகளை நீக்குதல், பிஞ்சு பிடித்தபின் குலைகளை நீக்குதல், குலையினுள்ளே மணிகளைக் குறைத்தல் என்பன அவை.

பூக்குமுன் நீக்கினால் எஞ்சிய பூங்குலைகளில் அதிக பிஞ்சுகள் பிடிக்கும். மணிகள் ஐதாக நிற்கும் இனங்களுக்கு இது நன்மை. மணிகள் நெருங்கும் இனங்களுக்கோ இது தீமையாகலாம்; நெருக்கத்தில் மணிகள் நசுங்கி அழுகும். ஆகவே நெருங்கிய குலையுடைய இனங்களிற் பிஞ்சு பிடித்தபின் களைவதே பாதுகாப்பானது. நமது நிலைமையிற் கத்தரித்து ஐந்து ஆறு வாரங்களிற் கொடி பூக்கும். பூத்துப் பிஞ்சுகள் மிளகளவு வந்தவுடன் வேலையைத் தொடங்கி, பத்து நாள்களுள் முடித்துவிடுதல் வேண்டும்.

எவற்றை நீக்குவது? பிஞ்சுகள் சரியாகப் பிடிக்காத குலைகள், காலந்தாழ்ந்து பூத்தவை, மெலிந்த தளிரில் உள்ளவை, நோய் அல்லது பூச்சி பற்றியவை, ஒன்றோடொன்று உரசுபவை, அடர்ந்த நிழலில் மறைந்தவை என்பவற்றை முதலில் நீக்குக. அதன்பின்னரும் சுமை மிகுந்திருந்தால் ஒரு தளிருக்கு ஒரு குலையாகக் குறைக்குக. நீண்ட குலைகளின் நுனியிற் சிறு பகுதியை வெட்டிவிட்டால், கடைசியாகப் பழுக்கும் மணிகள் நீங்கிக் குலை சீராகப் பழுக்கும்.

கூரிய கத்தரிக்கோலைப் பயன்படுத்துக. கையாற் பறித்து இழுத்தால் தளிர் கிழியும். நோயுற்ற கொடியில் வேலை செய்த கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த கொடிக்குக் கொண்டுசெல்க. வெட்டிய குலைகளைப் பந்தலின்கீழ் அழுகவிடாமல் சேர்த்து அகற்றுக. குலை வெளியே தெரிய வேண்டும் என்று இலைகளை மிகுதியாகப் பிடுங்கற்க. இலைகளைப் பிடுங்குவது சுமையை மறுபுறத்தாற் கூட்டுவதாகும். திடீரென வெயில் படும் காய்களும் வெதும்பும்.

மிகக் குறைவான சுமையும் நன்றன்று

களைதல் நன்று எனக் கேட்டு அளவின்றிக் களைந்துவிடுதலும் கூடாது. தேவைக்கு மேலாகக் குலைகளை நீக்கிய கொடியில், மிஞ்சிய உணவு தளிர்களுக்குச் செல்லும். தளிர்கள் மிதமிஞ்சி வளர்ந்து பந்தலை மூடும், நிழல் கூடும், பூஞ்சண நோய்களுக்கு இடமுண்டாகும். ஓரளவுக்கு மேல் சுமையைக் குறைப்பதனாற் பழத்தின் பருமனோ இனிப்போ மேலும் கூடுவதில்லை. விளைவு மாத்திரமே குறையும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிற்பதே செய்கையாளரின் திறமை.

வரவு செலவுக் கணக்கு

களைவதால் மொத்த நிறை சிறிது குறையலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது நீக்கிய குலைகளின் விகிதத்திற் குறைவதன்று. உதாரணமாக, ஒரு கொடியிற் 80 குலைகள், ஒவ்வொன்றும் 250 கிராம் எனக் கொள்வோம். மொத்தம் 20 கிலோகிராம். அவற்றை 50 ஆகக் குறைத்தபின் ஒவ்வொரு குலையும் 360 கிராம் வந்தது எனக் கொண்டால், மொத்தம் 18 கிலோகிராம். குலைகளில் 30 போயின. நிறையில் 2 கிலோகிராமே போயிற்று.

இந்த 18 கிலோகிராம் பழத்திற்கு முன்னைய விலையிலும் ஒன்பதில் ஒரு பங்கு அதிகம் கிடைத்தாலே வரவு சமமாகிவிடும். அதற்கு மேற் கிடைப்பதிற் களைந்த கூலி போக எஞ்சுவது இலாபம். கிலோகிராமுக்கு 90 ரூபாய் கிடைக்குமிடத்தில் 100 ரூபாய் கிடைத்தாற் போதும் என்பது இதன் கருத்தாகும்.

சந்தையில் எல்லாப் பழத்தையும் ஒரே விலைக்கு எடுக்கும் வியாபாரிக்கே விற்பவராயின், இந்த இலாபம் இப்போகத்தில் உங்கள் கைக்கு வராமற் போகலாம். அத்தகையோர் பெரிய, சீரான குலைகளை வேறாக்கி, தனிப்பெட்டியில் இட்டு, தனிவிலை கேட்டல் வேண்டும். அவ்விலை கிடையாதவிடத்தும் முந்திய அறுவடை, மழைக்குத் தப்பிய பழம், அடுத்த போகத்திற்கு வலிமையோடு நிற்கும் கொடி ஆகிய மூன்றும் உங்களுடையனவேயாம்.

உங்கள் தோட்டத்திலேயே பரீட்சித்துப் பாருங்கள்

இத்துண்டுப்பிரசுரத்திற் கூறியதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுத் தோட்டத்திலும் செய்ய வேண்டியதில்லை. ஒரே வயதும், ஒரே இனமும், ஏறக்குறைய ஒரே தடிப்பும் உள்ள 10 கொடிகளைத் தெரிந்தெடுங்கள். அவற்றில் 5 கொடிகளிற் குலைகளைக் களைந்து துணித்துண்டு கட்டி அடையாளமிடுங்கள். ஏனைய 5 கொடிகளை வழக்கம்போல் விடுங்கள். பசளை, இறைப்பு, மருந்து யாவும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அறுவடையின்போது பறித்த திகதி, குலைகளின் எண்ணிக்கை, மொத்த நிறை, கழித்த பழத்தின் நிறை, பெற்ற விலை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். சாற்றின் இனிப்பை அளக்கும் சிறு கருவி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இருந்தால், அதனைக்கொண்டு இரண்டையும் அளந்து பாருங்கள். கத்தரித்தபின் அடுத்த போகத்தில் எத்தனை தளிர்களிற் குலைகள் வந்தன என்பதையும் எண்ணுங்கள். இரண்டு போகங்களின் குறிப்பு உங்கள் மண்ணுக்கும் உங்கள் இனத்துக்கும் ஏற்ற எண்ணிக்கையைக் காட்டிக்கொடுக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இனிப்பை ஆக்குவது வெயில் படும் இலை. இலைக்குத் தக்க குலையே விடுதல் வேண்டும்.
2. 300 கிராம் குலைக்கு ஏறக்குறைய 20 நல்ல இலைகள் எனக் கணக்கிடுக.
3. பிஞ்சுகள் மிளகளவு வந்தவுடன் களைக. நிறம் மாறியபின் களைவதாற் பருமன் கூடாது.
4. மெலிந்த தளிரில் குலை விடற்க. முதலாண்டுக் கொடியிற் காய்க்கவிடற்க.
5. சுமை கூடினால் அறுவடை தாமதமாகும். தாமதமானால் மாரிமழை அழிக்கும்.
6. முற்றாத குலையைப் பறிக்கற்க. பறித்தபின் முந்திரிகை இனிக்காது.
7. அறுவடைக்குப் பின்னும் இலைகளைக் காப்பாற்றுக. அடுத்த போகத்தின் விளைவு அவற்றிலேயே தங்கியுள்ளது.

மேலும் விபரம் வேண்டுவோர், குலைகள் பூக்குமுன்னரே தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக. பழம் பழுக்கத் தொடங்கிய பின்னர் கேட்கும் ஆலோசனை அடுத்த போகத்துக்கே உதவும்.